அசதிக்கு மாத்திரை கேட்பதற்கு முன்: எம்எஸ் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதியம் 12 மணிக்கு, தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரை போடுவேன். 1 மணிக்கு அலுவலக மேசையில் தலை சாய்ந்துவிடும். ஆறு மாதம் இதை எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) தரும் அசதி என்றே நம்பினேன். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அசதிக்கென்று இன்னொரு மாத்திரை எழுதி வாங்கி, அதை வாங்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. மெடிக்கல் ஷாப் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த பேக்லோஃபெனை மத்தியானமும் போடுறீங்களா? தூக்கம் தூக்கமா வருமே" என்றார். தூக்கம் வரவைக்கும் மாத்திரைக்கு மேல், தூக்கத்தைக் கலைக்கும் மாத்திரை ஒன்றைப் போட இருந்தேன்.

எனக்கு எம்எஸ் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை, திருச்சியில் கணக்கு எழுதும் வேலை. அதனால் மாத்திரையையும் வரவு செலவாகத்தான் பார்க்கத் தெரியும். புதிதாக எம்எஸ் என்று தெரிந்து, எழுந்து குளித்ததுமே திரும்பப் படுக்கத் தோன்றுகிறதே என்று திகைத்துப் போயிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் மாற்றம் எதையும் உங்கள் நரம்பு டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கேட்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் படி: எதை அசதி என்கிறீர்கள்?

எம்எஸ் உள்ள பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்காவது அசதி இருக்கிறது. நரம்பின் மேலுறை பழுதானதால் மூளை அதே வேலைக்கு அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் நாம் "ரொம்ப டயர்டா இருக்கு" என்று சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்று, நிஜ அசதி. தூங்கி எழுந்தாலும் இருக்கும். கண் விழித்துத்தான் இருக்கிறது, ஆனால் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தால் பாதியிலேயே கத்தியைக் கீழே வைக்கத் தோன்றும். இரண்டு, தூக்கக் கலக்கம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். மூன்று, பலவீனம். அரை கிலோமீட்டர் நடந்ததும் குறிப்பிட்ட ஒரு கால் மட்டும் இழுக்கும், உட்கார்ந்து எழுந்தால் சரியாகிவிடும். நான்கு, மனச்சோர்வு. பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டாது.

இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மதியம் வேலையெதுவும் இல்லாமல் நாற்காலியில் சாய்ந்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவீர்களா? ஆம் என்றால் இரவுத் தூக்கத்தையும் மாத்திரைகளையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டாக்டர்கள் இதற்கு எப்வொர்த் என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். எட்டே கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண், 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். இதில் மட்டும் அதிக மார்க் வாங்கி மகிழ முடியாது.

இரண்டாம் படி: ரத்தமும் இரவும் வெயிலும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான டாக்டர்கள் தாங்களாகவே செய்துவிடுவார்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், பின்னால் மருந்து தேர்ந்தெடுக்கும்போது தேவைப்படும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு ரிசல்ட்டையே புரட்டிப் போட்டுவிடும்.

பி12 குறைவாக இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். குறைவில்லாமலேயே "சத்து ஊசி" என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் உண்டு. எம்எஸ் அசதிக்காக பி12 ஊசி போட வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் நேரடியாகவே சொல்கிறது.

இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள், கால் சுண்டி இழுத்து விழிப்பு வருகிறதா, பலமான குறட்டை உண்டா என்று பாருங்கள். மூன்று முறை எழுகிறவர் பகலில் விழித்திருக்க மாத்திரை கேட்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஓரிரு நாளில் ஆளையே சாய்த்துவிடும்.

அப்புறம் வெயில். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே பழுதான நரம்பில் செய்தி தடுமாறும். ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890-லேயே இதைக் கவனித்து எழுதினார். திருச்சி மே மாதத்தில் அதை நாங்கள் தினமும் கவனிக்கிறோம். வெயிலை இங்கே சொல்வதற்குக் காரணம், அதற்கும் மாத்திரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அடுத்த படியில் வருகிறது.

மூன்றாம் படி: மஞ்சப்பையைக் கொட்டுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். நரம்பு டாக்டர் கொடுத்தது மட்டும் போதாது. சளிக்கு வாங்கியது, அரிப்புக்கு வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன டானிக், சித்த மருந்து, தூக்க மாத்திரை எல்லாம். பிறகு பாயில் கொட்டி வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, போட்ட இரண்டு மணி நேரத்தில் எப்படி இருக்கிறது. அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். என் பையில் இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்து இருந்தது.

எம்எஸ் உள்ளவர் வீட்டில் இருக்கக்கூடிய, ஆளை அசதியாக்கும் மருந்துகள் இவை.

தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபெனும் டைசானிடினும் முதலிடம். இரண்டுமே தூக்கம் வரவைக்கும். பேக்லோஃபென் கூடுதலானால் காலே துவண்டுபோகும். சிலருக்குக் காலில் இருக்கும் அந்த இறுக்கம்தான் நிற்க உதவும் முட்டுக்கோல். அதை முழுக்கத் தளர்த்திவிட்டால் நடையும் போய்விடும். இதைப் படித்துவிட்டு பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணில் தெரியலாம், இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லும் கணக்கில், படிப்படியாகத்தான்.

டைசானிடின் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்: சிப்ரோஃப்ளாக்சசின் கூடவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகத் தரும் ஆன்டிபயாட்டிக் அது. இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் டைசானிடின் பல மடங்கு ஏறி, பிரஷர் விழுந்து, ஆள் எழுந்திருக்க முடியாமல் போகலாம். காய்ச்சலுக்குப் பார்க்கும் தெருமுனை டாக்டருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

நரம்பு வலிக்கான கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மூன்றும் மந்தமாக்கும். அமிட்ரிப்டிலினை இரவு படுக்கும் நேரத்தில் போட்டால் அதே மந்தம் தூக்கத்துக்கு உதவும், ஆனால் 11 மணிக்குப் போட்டால் காலை 9 மணி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் முன்னதாக, 8 மணிக்குப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பதற்றத்துக்கோ வலிப்புக்கோ தரும் குளோனசெபாமின் தூக்கம் அடுத்த நாளும் இழுக்கும்.

அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், நினைவைக் கொஞ்சம் மங்கவைக்கும். வியர்வையையும் குறைக்கும். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. வெயில் காலத்தில் மட்டும் அசதி தாறுமாறாக ஏறுகிறது என்றால் இந்த மாத்திரையையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். ஆனால் இது இரவில் நான்கு முறை எழுவதை ஒரு முறையாகக் குறைத்திருக்கிறது என்றால் கணக்கே மாறிவிடும், பகல் அசதியை அது குறைத்திருக்கவும் கூடும். மிராபெக்ரான் என்ற மாற்று இருக்கிறது. அதில் வாய் உலர்வதும் மந்தமும் குறைவு, பிரஷரை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்எஸ் தாக்குதல்களைக் குறைக்க இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறவர்களுக்குப் போட்ட மறுநாள் ஃபுளூ வந்த மாதிரி உடம்பு முறியும். வாரம் ஒரு முறை ஊசி என்றால் எந்த இரவு போடுகிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. சனிக்கிழமை வேலை இல்லாதவர் வெள்ளி இரவு போடலாம். டாக்டர் சொன்னபடி பாராசிட்டமாலும் சேர்த்துக்கொண்டால் பலருக்குத் தாங்கக்கூடியதாகிவிடும். இன்டர்ஃபெரான் தைராய்டையும் கல்லீரலையும் தொடக்கூடியது, அதற்காகத்தான் மேலே அந்த ரத்தப் பரிசோதனைகள்.

தும்மலுக்குப் போடும் சிட்ரிசினையும், இருமல் சிரப்பையும் எல்லாரும் மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன்.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு மருந்துக்கும் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள் இருக்கின்றன. நேரத்தை மாற்றலாமா? அளவைக் குறைக்கலாமா? மாற்று இருக்கிறதா? என் விஷயத்தில் பகல் பேக்லோஃபெனைப் பாதியாக்கி, இரவில் கொஞ்சம் கூட்டினார்கள். மதிய உறக்கம் போய்விட்டது. பதிலுக்கு, சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது வலது கால் விறைக்கிறது. பன்னிரண்டு படிதான், கைப்பிடி இருக்கிறது. எனக்கு இந்தப் பேரம் சரி. மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போகிறவருக்கு இதே பேரம் கட்டுபடியாகாது.

நான்காம் படி: எதற்காகச் சக்தி வேண்டும்?

புது மருந்து பற்றிப் பேசுவதற்கு முன் இதை எழுதிவிடுங்கள். "அசதி போகணும்" என்று எழுதினால் எந்த மருந்தும் தோற்றுவிடும். சாயங்காலம் 6 முதல் 7 வரை பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும், காலையில் நானே சமைத்து முடித்துவிட்டு ஆபீஸ் போக வேண்டும், மாதக் கடைசி வாரம் கணக்கு முடிக்கும்போது எண் குழம்பக்கூடாது என்கிற மாதிரி, நேரமும் வேலையும் தெரிகிற ஒன்றை எழுதுங்கள்.

கூடவே, எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். என்னுடையது இரவுத் தூக்கம். என் தோழி ஒருத்தி பாட்டு டீச்சர், அவளுக்கு வாய் உலரக்கூடாது. லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தலைசுற்றல் ஆகாது. துண்டுச்சீட்டில் ஒன்று முதல் முப்பது வரை பக்கவிளைவுகள் அச்சிட்டிருப்பார்கள், அத்தனைக்கும் பயப்பட யாருக்கும் நேரமில்லை. உங்கள் பிழைப்பை எது கெடுக்கும் என்று தெரிந்துவிட்டால் அந்த முப்பதில் நீங்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது மூன்றோ நான்கோதான்.

ஐந்தாம் படி: அசதிக்குத் தரும் மாத்திரைகளின் வரவும் செலவும்

டாக்டர்கள் வழக்கமாக யோசிப்பது மூன்றைத்தான்: அமாண்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட். மூன்றுமே வேறு நோய்க்காக வந்தவை. அமாண்டடின் 1966-ல் அமெரிக்காவில் ஃபுளூவுக்காக அனுமதி வாங்கியது, பிறகு பார்க்கின்சனுக்குப் போனது. மோடாஃபினிலுக்கு 1998-ல் அங்கே அனுமதி கிடைத்தது, அடக்க முடியாத பகல் தூக்க நோய்க்காக. மெத்தில்ஃபெனிடேட் கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குத் தருவது.

வரவு எவ்வளவு? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்திலும் 141 எம்எஸ் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2021-ல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியிட்டார்கள். மூன்று மருந்தையும், மருந்தே இல்லாத ஒரு வெற்று மாத்திரையையும், ஒவ்வொன்றும் ஆறு வாரம், நடுவில் இரண்டு வாரம் இடைவெளி விட்டு, எது எது என்று சொல்லாமலே கொடுத்தார்கள். அசதியை 84-க்கு மதிப்பெண் போட்டு அளந்தார்கள். ஆரம்பத்தில் சராசரி 51-க்குக் கொஞ்சம் மேல். அமாண்டடினில் 41 அளவுக்கு இறங்கியது, மோடாஃபினிலில் 39, மெத்தில்ஃபெனிடேட்டில் 39-க்குச் சற்றுக் கீழ். நல்ல இறக்கம்தானே என்று தோன்றும். வெற்று மாத்திரையில்? அதிலும் 41-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. பக்கவிளைவு மட்டும் வெற்று மாத்திரையில் 31 சதவீதம் பேருக்கு, மருந்துகளில் 40 சதவீதத்தையொட்டி.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், புதியவர்களுக்கு இதைவிட உபயோகமான செய்தி இல்லை. புது மாத்திரை போட்ட முதல் வாரம் "ஆஹா, தேவலையே" என்று தோன்றுவது மருந்தின் வேலையாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பக்கவிளைவு கடுமையாக இருந்தால், பெரிய வரம் ஒன்றை இழக்கிறோமோ என்ற பயமில்லாமல், டாக்டரிடம் சொல்லி விட்டுவிடலாம். அதே சமயம், சராசரி என்பது உங்கள் கதை இல்லை. டாக்டர்கள் இன்னும் இவற்றை முயன்று பார்க்கிறார்கள். அந்த 2022 நைஸ் வழிகாட்டுதலும் அமாண்டடின், மோடாஃபினில், மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் ஆகியவற்றை யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறது.

இப்போது செலவு.

அமாண்டடின் பொதுவாக 100 மி.கி., ஒரு வேளை அல்லது இரு வேளை. இரண்டாவது வேளையை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவு கொட்டக்கொட்ட விழித்திருப்பீர்கள். கணுக்கால் வீங்கலாம். தொடையிலும் காலிலும் மீன்வலை விரித்த மாதிரி ஊதா நிறத் தடம் வரலாம், பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், கனவுகள் சினிமா மாதிரி ஓடும். சிலருக்கு இல்லாத உருவம் தெரியும். அரிதாக, அடக்க முடியாமல் செலவு செய்வது, சூதாடுவது போன்ற உந்துதல்கள் வரும். இதைக் குடும்பத்தில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, நமக்கே நாம் தெரிய மாட்டோம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அது பழுதென்றால் மருந்து உடம்பிலேயே தேங்கும். ஆக்ஸிபியூட்டினினோடு சேர்ந்தால் உலர்வும் குழப்பமும் இரட்டிப்பாகும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மோடாஃபினில் 100 அல்லது 200 மி.கி., காலையில். உடம்பில் பாதியாகக் குறையவே 15 மணி நேரம் வரை ஆகும். காலை 7 மணி மாத்திரை இரவு 10 மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கிறது. மதியம் 3 மணிக்கு ஒன்று போட்டால் அன்றைய தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். தலைவலி அதிகம் சொல்லப்படும் புகார். படபடப்பு, வயிற்றுப் புரட்டல், பிரஷர் ஏற்றம், பதற்றம் ஆகியவையும் உண்டு. இதோடு நம்ம ஊர் டிகிரி காபி மூன்று டம்ளர் சேர்ந்தால் கை நடுங்கும், அப்புறம் மருந்தைத் திட்டுவோம்.

பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், பல டாக்டர்கள் அவசரத்தில் சொல்லாமல் விடுகிறார்கள். மோடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு மாதம் அந்தப் பாதிப்பு இருக்கும், அதுவரை வேறு வழி வேண்டும். குழந்தைக்கு முயல்கிறவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் மோடாஃபினில் எடுக்கக்கூடாது. அமாண்டடினும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியதே. எம்எஸ் அதிகம் வருவதே 20 முதல் 40 வயதுப் பெண்களுக்கு என்னும்போது இதை மாமியார் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தால் ஆகாது. தனியாகப் போய்க் கேளுங்கள்.

மெத்தில்ஃபெனிடேட் பற்றி நீட்ட வேண்டாம். கட்டுப்பாடுள்ள மருந்து, பழக்கமாகிவிடும் வாய்ப்பு உண்டு, நாடித் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும், பசியைக் கொல்லும். இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் மனச்சோர்வும் கூட இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஆனால் முதல் இரண்டு வாரம் வயிறு புரட்டும், தாம்பத்திய ஆர்வம் குறையலாம்.

மாத்திரையே இல்லாத வழிகளுக்கும் இதே தராசில் இடம் கொடுங்கள். 2024-ல் அதே லான்செட் நியூராலஜியில் வந்த இன்னோர் ஆய்வு, 336 பேரை வைத்து, அசதிக்கான சிந்தனை-நடத்தைப் பயிற்சியையும் மோடாஃபினிலையும் ஒப்பிட்டது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன, சேர்த்துக் கொடுத்ததிலும் பெரிதாகக் கூடுதல் இல்லை. பயிற்சிக்கு ஆள் கிடைப்பது நம் பக்கம் கஷ்டம்தான். நடைப்பயிற்சிக்கும், உடம்புச் சூட்டைத் தணிக்கும் ஈரத்துண்டுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஆறு வாரப் பரீட்சை

புது மருந்தோ, பழைய மருந்தின் நேர மாற்றமோ, ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன வந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. தொடங்கும் முன் ஒரு வாரம், மாற்றம் எதுவுமில்லாமல் நோட்டு எழுதுங்கள். அதுதான் உங்கள் ஆரம்ப இருப்பு. தொடங்கும் நாளன்றே முடிவு நாளையும் டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இது இல்லாததால்தான், வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாத மாத்திரையை மூன்று வருடமாக விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாத மாதிரி எழுத வேண்டும். அசதி உள்ளவனிடம் நான்கு பக்க டைரி கேட்பது கொடுமை. என் அமாண்டடின் நோட்டிலிருந்து ஒரு நாள், அசதிக்கு 10-க்கு மதிப்பெண்:

"வியாழன், 12-ஆம் நாள். இரவு 2 தடவை எழுந்தேன். காலை 8 மணி: 4. மதியம் 1: 6. சாயங்காலம் 6: 5. பாடம் சொன்னேன், 40 நிமிடம். கணுக்கால் செருப்பு வார் பதிகிறது. வாய் காய்ந்தது, இரண்டு சொம்பு மோர். வெயில் கடுமை."

மருந்துக்கு முந்தைய வாரம் சாயங்கால எண் 8-க்குக் கீழே வந்ததே இல்லை, பாடமும் நடக்கவில்லை. மருந்தோடு சராசரி 6. அதாவது இரண்டு எண் இறங்கியது, அதோடு வாரத்தில் நான்கு நாள் பாடம். செலவுப் பக்கத்தில் கணுக்கால் வீக்கமும், ஐந்தாவது வாரத்திலிருந்து விடிய விடிய கனவும். "நீ தூக்கத்தில் யாரோடயோ சண்டை போடுறே" என்று வீட்டுக்காரர் சொன்னதையும் எழுதி வைத்தேன். வீட்டில் இருப்பவரிடம் வாரம் ஒரு முறை கேட்டு எழுதுங்கள், எரிச்சல், குழப்பம், பேச்சில் வேகம் இவையெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஏழாம் படி: டாக்டர் அறையில் பத்து நிமிடம்

"டாக்டர், ரொம்ப அசதியா இருக்கு" என்றால் "ரெஸ்ட் எடுங்கம்மா" என்ற பதில்தான் வரும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இப்படிச் சொல்லிப் பழகிக்கொண்டேன்: "சார், சாயங்காலம் 6 மணிக்கு அசதி 8-லிருந்து 6-க்கு வந்திருக்கு. அதனால பையனுக்குப் பாடம் சொல்ல முடியுது. ஆனா கால் வீங்குது, தூக்கம் கெடுது. தூக்கத்தை மட்டும் என்னால விட முடியாது. அளவைக் குறைச்சுப் பார்க்கலாமா, இல்ல நிறுத்திடலாமா?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. காலை ஒரு வேளை மட்டும் என்று குறைத்தார். கனவு நின்றது, வீக்கம் பாதியானது, சாயங்கால எண் 6-க்கும் 7-க்கும் நடுவில் நின்றது.

வேறு டாக்டரிடம் பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும் அந்த மருந்துப் பட்டியலின் ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் கதை ஞாபகம் இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாதவை

நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாத சில உண்டு. மோடாஃபினில் தொடங்கியபின் காய்ச்சலோடு தோலில் தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி, நிற்காத படபடப்பு, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், வலிப்பு, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இல்லாத குரல் கேட்பது, சாகலாம் என்று தோன்றுவது எல்லாமே அவசரம்தான். ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் புதிய பலவீனமோ பார்வை மங்கலோ வந்தால் அது பக்கவிளைவாக இல்லாமல் எம்எஸ்-இன் புதிய தாக்குதலாக இருக்கலாம், டாக்டருக்குப் போன் போடுங்கள். அமாண்டடினையும் பல வாரம் சாப்பிட்டபின் சட்டென்று நிறுத்தாமல் சொல்லிக் குறைப்பதே வழக்கம்.

எட்டாம் படி: பழைய கணக்கை மறுபடி திறப்பது

ஒரு முறை எடுத்த முடிவு நிரந்தரமில்லை. எடை மாறும், வேலை மாறும், பிரஷர் மாத்திரை ஒன்று புதிதாகச் சேரும், பிள்ளை வளர்ந்து பாடம் கேட்பதையே நிறுத்திவிடுவான். வருடத்துக்கு இருமுறை மஞ்சப்பையைக் கொட்டுகிறேன், ஒன்று பொங்கல் முடிந்ததும், இன்னொன்று கத்திரி வெயிலுக்கு முன்பு. போன ஏப்ரலில் கொட்டியபோது, மார்கழிச் சளிக்கு வாங்கிய சிட்ரிசின் அட்டையில் மூன்று மாத்திரை மட்டும் பாக்கி இருந்தது. பத்தில் ஏழை எப்போது விழுங்கினேன் என்று நோட்டில் ஒரு வரிகூட இல்லை.